உடைந்த கல்லா, உடைத்த கல்லா? சேலம் வட்டாரத்தில் கற்சில்லை இனம் காணும் வழி

தமிழ்நாட்டு இரும்பின் தொன்மை பற்றிய அறிக்கை 2025 ஜனவரி 23 அன்று வெளியானபோது, சேலம் மாவட்டத்து மாங்காட்டின் பெயரும் அதில் இருந்தது. இப்படி எந்த அகழாய்வுச் செய்தி வந்தாலும் அடுத்து நடப்பது ஒன்றுதான். மேட்டாங்காட்டிலும் காபித் தோட்டத்திலும் எடுத்த கூரான கற்களின் படங்கள் வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பிக்கும்: ‘இது ஆதிமனிதர் கத்தியா?’ பதில் சொல்பவர்கள் இரண்டு கட்சி. ஒரு கட்சிக்குக் கூராக இருப்பதெல்லாம் கற்கருவி. மற்றதற்கு எல்லாமே கிரஷர் ஜல்லி.

இரண்டு கட்சியும் பார்ப்பது கல்லின் வடிவத்தை. பார்க்க வேண்டியதோ அடியின் தடயத்தை. கத்தி போலவும் அம்புமுனை போலவும் கல்லை வெயிலும் வெள்ளமும்கூட உடைத்துப் போடும். ஆனால் கணக்கறிந்து, விளிம்பு பார்த்து, ஒரே திசையில் திரும்பத் திரும்ப அடித்த அடி வேறு மாதிரியான அடையாளத்தை விட்டுப் போகும். அந்த அடையாளம் கருவியைவிட, கருவி செய்தபோது தெறித்து விழுந்த சில்லில்தான் தெளிவாகத் தெரியும்.

முதலில் சில சொற்கள்

கருக்கல்: சில்லு பெயர்ப்பதற்காகக் கையில் எடுத்துக்கொண்ட மூலக்கல்.

சில்லு: ஒரே அடியில் கருக்கல்லிலிருந்து பெயர்ந்து விழும் தகடு. ‘செதில்’ என்றும் எழுதுவார்கள்.

சுத்தியல் கல்: அடிக்கப் பயன்படும் கல். பெரும்பாலும் கைக்கு அடக்கமான ஆற்றுக் கூழாங்கல். அதன் முனையில் கொத்துக்கொத்தாகப் புள்ளிக் காயம் இருக்கும்.

சிதறல்: அடிக்கும்போது ஒழுங்கில்லாமல் தெறிக்கும் மூலைமுடுக்கான துண்டு. இதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது.

சில்லு எல்லாமே கழிவு அல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். நல்ல விளிம்புள்ள சில்லை அப்படியே தோல் சீவவும் இறைச்சி அறுக்கவும் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆனாலும் எண்ணிக்கையில் கழிவே மிகுதி. பிடி போடாமல் கையிலேயே பிடித்து வேலை செய்யும் ஒரு கைக்கோடாரியைச் செதுக்கி முடிப்பதற்குள் பெரிதும் சிறிதுமாக நூற்றுக்கணக்கான சில்லுகள் காலடியில் விழுந்துவிடும்.

கல் ஏன் அப்படி உடைகிறது

ஜன்னல் கண்ணாடியில் ஒரு சிறு கல் தெறித்தால் என்ன ஆகிறது என்று பாருங்கள். பட்ட பக்கம் ஊசித்துளை அளவுக்கு ஒரு புள்ளி. மறுபக்கம் அகன்ற குழி. அடியின் விசை பட்ட இடத்திலிருந்து கூம்பு போல விரிந்து செல்வதால் வருவது இது. கண்ணாடிக்குள் இந்தத் திசையில்தான் பிளக்க வேண்டும் என்று வழிகாட்டும் படிகத் தளம் எதுவும் இல்லை; விசை போகும் போக்கில் அது பிளந்துகொள்கிறது. கோலி சோடா பாட்டிலின் தடித்த அடிப்பாகம் உடைந்தால், உடைந்த முகம் சிப்பியின் உட்புறம் போல வளைந்து, வளையம் வளையமாக இருக்கும். இதற்குச் ‘சிப்பி முறிவு’ என்று பெயர்.

மணி நுண்மையாகவும் எல்லாத் திசையிலும் ஒரே சீராகவும் உள்ள கற்களும் இப்படித்தான் உடையும். கல்லின் நட்டநடுவில் அடித்தால் விசை உள்ளே அடங்கிப் போகும். விளிம்பருகே அடித்தால் கூம்பின் ஒரு பக்கம் மட்டும் வெளியேறி, மெல்லிய தகடாகப் பெயர்ந்து விழும். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அடி வாங்கும் தளமும் பக்கச் சுவரும் சேரும் கோணம் 90 பாகைக்குக் குறைவாக இருக்க வேண்டும். கோணம் 90ஐத் தாண்டினால் எவ்வளவு ஓங்கி அடித்தாலும் சில்லு பெயராது. விளிம்பு நொறுங்குவதோடு சரி. வடிவம் உருண்டு, எல்லா விளிம்பும் மொண்ணையாகிப் போன கருக்கல்லைச் செய்தவரே தூக்கியெறிந்துவிடுவதற்குக் காரணம் இதுதான்.

சில்லின் அங்கங்கள்

கையில் உள்ள கல்லைக் காலை அல்லது மாலைச் சாய்வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். உச்சிவெயில் எல்லா மேடுபள்ளத்தையும் மறைத்துவிடும். 10 மடங்கு பெருக்கும் கைலென்ஸ் ஒன்று போதும்.

1. அடிமேடை. சில்லின் தலைப்பகுதியில் எஞ்சியிருக்கும் சிறு தளம். அடி விழுந்த இடம் இதுதான். அரிசி மணி அளவிலிருந்து கட்டைவிரல் நகம் அளவு வரை இருக்கலாம். சில சமயம் நொறுங்கி ஒரு கோடாகவே போயிருக்கும்.

2. அடிப்புள்ளி. மேடையின் ஓரத்தில் சிறு வளைய விரிசல் அல்லது மாவாக நொறுங்கிய வெண்புள்ளி.

3. குமிழ். அடிப்புள்ளிக்கு நேர்கீழே சில்லின் உட்பக்கத்தில் புடைத்திருக்கும் மேடு. கண்ணைவிடக் கட்டைவிரலுக்கு இது சீக்கிரம் அகப்படும். சில நேரம் குமிழின் மேலேயே ஒரு குட்டிச் செதிலும் பெயர்ந்து, சிறு வடு விட்டிருக்கும். கருக்கல்லில் இதே இடத்தில் புடைப்புக்குப் பதில் பள்ளம் இருக்கும்.

4. அலைவரி. குளத்தில் கல் போட்டதுபோல அடிப்புள்ளியை மையமாக வைத்து விரியும் வளைவுகள். எந்தப் பக்கமிருந்து அடி வந்தது என்பதை இவை காட்டும். இவற்றுக்குக் குறுக்கே, அடிப்புள்ளியை நோக்கி ஓடும் மயிரிழை விரிசல்களும் உண்டு.

5. வயிறும் முதுகும். உட்பக்கம், அதாவது வயிறு, ஒரே முகமாக இருக்கும். ஒரே அடியில் பிறந்தது அல்லவா. வெளிப்பக்கம், அதாவது முதுகில், இரண்டில் ஒன்று இருக்கும்: கல்லின் பழைய தோல், அல்லது இதற்கு முன் பெயர்ந்த சில்லுகளின் வடு. முதல் சில்லின் முதுகு முழுக்கத் தோல். வேலை நடக்க நடக்கத் தோல் குறைந்து வடு கூடும். கடைசிக் கட்டத்துச் சில்லில் தோலே இருக்காது.

6. கடைமுனை. விசை போதுமான அளவு போயிருந்தால் விளிம்பு இறகு போல மெலிந்து முடியும். விசை பாதியில் வெளியே திரும்பியிருந்தால் முனை மடிந்து உருண்டிருக்கும். உள்ளே விரிசல் குறுக்கிட்டிருந்தால் படி வெட்டியதுபோல நின்றுவிடும். ஒரே இடத்தில் மடிந்த முனைகளும் படி முனைகளும் நிறையக் கிடந்தால் கல் மோசம், அல்லது கை பழகாத கை.

இந்த ஆறில் ஒன்றே ஒன்று இருந்தால் அது சான்றாகாது. மேடை, குமிழ், வயிற்றின் ஒரே முகம், முதுகில் குறைந்தது இரண்டு முந்தைய வடு ஆகியவை ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். ‘ஒத்துப்போவது’ என்றால், அலைவரி காட்டும் திசையும் மேடை இருக்கும் இடமும் பொருந்த வேண்டும். முதுகு வடுக்களில் பெரும்பாலானவை ஒரே திசையிலிருந்தோ நேரெதிர்த் திசையிலிருந்தோ வந்திருக்க வேண்டும். நாலாபக்கமும் தாறுமாறாக வடு இருந்தால் முதலில் கிரஷரைத்தான் சந்தேகிக்க வேண்டும். கோணத்தைச் சோதிக்கப் பள்ளிக்கூட ஜியாமெட்ரி பாக்ஸில் உள்ள மூலைமட்டம் போதும். மேடைக்கும் முதுகுக்கும் இடையில் 90க்குக் குறைவு, மேடைக்கும் வயிற்றுக்கும் இடையில் 90க்கு மேல்.

சேலத்தின் கல் பாடம் தனி

மேலே சொன்னதெல்லாம் நல்ல கல்லுக்கு எழுதிய இலக்கணம். பாடநூல் படங்களில் வரும் சில்லுகள் பெரும்பாலும் சிக்கிமுக்கி இனக் கற்கள். அவற்றில் குமிழும் அலைவரியும் அச்சில் வார்த்ததுபோல இருக்கும். சென்னைக்கு அருகே பழைய கற்காலக் கருவிகள் கிடைத்த அதிரம்பாக்கத்தில் அவை குவார்ட்சைட்டில், அதாவது குவார்ட்ஸ் மணிகள் இறுகிய கல்லில், செய்யப்பட்டவை. அதிலும் சில்லின் அங்கங்கள் ஓரளவு நன்றாகவே தெரியும். சேலத்துக்காரருக்கு அந்தக் கொடுப்பினை குறைவு. இங்கே காலில் இடறுவது வேறு வகை.

*வெங்கச்சங்கல்.* பாறைப் பிளவுகளில் நரம்பு நரம்பாக ஓடும் வெள்ளைக் குவார்ட்ஸ். தமிழகத்தில் நுண்கற்கருவி செய்தவர்கள் மிகுதியாகக் கையாண்ட கற்களில் ஒன்று. இனம் காண்பதற்கு மிகச் சிரமமானதும் இதுவே. அதன் உள்ளே ஏற்கெனவே ஆயிரம் விரிசல். அடித்தால் விசை அந்த விரிசல்களில் புகுந்து ஓடிவிடும். குமிழ் சப்பையாக இருக்கும் அல்லது இருக்கவே இருக்காது. அலைவரி அரிதாகத்தான் தெரியும். பல சில்லுகள் அடிப்புள்ளி வழியாகவே நெடுக்கில் இரண்டாகப் பிளந்து, பாதி மேடையோடு கிடக்கும்.

அதனால் அன்றைய ஆட்கள் வெங்கச்சங்கல்லைக் கையாண்ட முறையும் வேறு. சிறு கட்டியை ஒரு பட்டைக்கல்லின் மேல் நிறுத்தி, மேலேயிருந்து அடித்தார்கள். மேலே ஒரு அடி, கீழே பட்டைக்கல் திருப்பித் தரும் அடி. இந்த இருமுனை அடியில் கிடைப்பதைத் தேடும்போது பார்க்க வேண்டியவை இவை:

1. இரண்டு முனையும் நசுங்கியிருக்கும். ஒரு முனை மட்டும் நசுங்கியிருந்தால் வலுவான சான்றாகாது.
2. இரு முனையிலிருந்தும் எதிரும் புதிருமாகச் சிறு படி வடுக்கள் தொடங்கும்.
3. குறுக்கே பார்த்தால் துண்டு ஆரஞ்சுச் சுளை போல இருக்கும்.
4. வயிறு புடைக்காமல் தட்டையாக இருக்கும்.
5. பக்கத்திலேயே நடுவில் குழிக்குழியாகக் காயம்பட்ட பட்டைக்கல் கிடைத்தால் வழக்கு ஏறக்குறைய முடிந்தது.

தெளிந்த படிகக் குவார்ட்ஸாக இருந்தால் அங்கங்கள் நன்றாகத் தெரியும். பால்வெள்ளையில் ஒற்றைத் துண்டை வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்பவரை நம்பாமல் இருப்பது நல்லது. வெங்கச்சங்கல் நரம்பு ஓடும் காட்டில் உழவே ஆயிரக்கணக்கான கூர்த்துண்டுகளை உண்டாக்கிவிடும்.

*டோலரைட்.* கருப்பாக, நுண்மணியாக, பாறைகளின் ஊடே சுவர் போல எழுந்து நிற்கும் கல். புதிய கற்காலக் கோடாரி செய்ய இவ்வகைக் கருங்கற்கள் ஏற்றவை. வெளியே மழையும் வெயிலும் பட்டுத் துரு நிறத் தோல் ஏறியிருக்கும். உடைத்தால் உள்ளே கன்னங்கரேல். கோடாரி மூன்று கட்டமாக உருவாகும்: சில்லு பெயர்த்து உருவம் கொண்டுவருவது, கொத்திக் கொத்தி மேடுகளைச் சமன் செய்வது, தண்ணீரும் மணலும் விட்டுப் பாறையில் தேய்ப்பது. சில்லு கிடைப்பது முதல் கட்டத்தில் மட்டும். கொத்தும்போது விழுவது தூள், மண்ணோடு மண்ணாகிவிடும். தேய்த்த இடத்தில் பாறைமேல் படகு வடிவத்தில் வழவழப்பான பள்ளம் நிற்கும்.

உருவம் மெலிக்கும் வேளையில் விழும் டோலரைட் சில்லு அகலமாக, மெல்லியதாக, லேசாக வளைந்திருக்கும். மேடை மிகச் சிறியது. முதுகில் பல வடு. சில வடு எதிர் விளிம்பிலிருந்தும் வந்திருக்கும். கல்லின் இரண்டு முகத்தையும் மாற்றி மாற்றிச் செதுக்கினால் ஒழிய இப்படி அமையாது. இன்னொன்று அபூர்வம், ஆனால் கிடைத்தால் மறுபேச்சே இல்லை: முதுகில் ஒரு பகுதி மட்டும் தேய்த்து மெருகேறியிருக்கும் சில்லு. தீட்டிய கோடாரி முனை உடைந்து, அதை மறுபடி செதுக்கியபோது பெயர்ந்தது அது. இயற்கை கல்லைத் தேய்த்து மெருகேற்றும். பிறகு அதே மெருகை மேடை வைத்து, கோணம் பார்த்து, சில்லாகப் பெயர்க்காது.

*சார்னோகைட்.* சேர்வராயன் மலையின் உடம்பே இதுதான். மணி பெரிது, உடைந்த முகம் சர்க்கரைக் கட்டி போலச் சொரசொரக்கும். சில்லு வேலைக்கு உதவாது.

*வெள்ளைக்கல்.* வெள்ளக்கல்பட்டிப் பக்கம் தோண்டியெடுக்கும் மேக்னசைட்தான் சேலத்தின் தலைசிறந்த ஏமாற்றுக்காரன். கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்மணி என்பதால் அழகான சிப்பி முறிவு காட்டும், குமிழ்கூட வரும். ஆனால் மென்மையான கல். 1 முதல் 10 வரை போகும் கடினத்தன்மை அளவில் 4ஐ ஒட்டி நிற்கும், குவார்ட்ஸோ 7. பேனாக்கத்தியால் கீறினால் மேக்னசைட்டில் கோடு விழும். குவார்ட்ஸில் கோடு விழாது. கத்தியின் இரும்புதான் கரிக்கோடாக ஒட்டும். விளிம்பு ஒரு நாள் வேலைக்குத் தாங்காத கல்லைத் தேடி யாரும் கருவி செய்ய மாட்டார்கள்.

*கஞ்சமலைக் கல்.* காந்தக்கல்லும் குவார்ட்ஸும் அடுக்கடுக்காக உள்ள பாறை. அடுக்கு வழியே பட்டை பட்டையாகப் பிளக்கும். காந்தம் ஒட்டும். பட்டையின் இரண்டு முகமும் இணையாக, தட்டையாக இருந்தால் அது அடுக்குப் பிளவு, அடி அல்ல.

*இரும்புச் சிட்டம்.* பழைய உலைகள் இருந்த இடங்களில் கிடக்கும் உருகிய கசடு. கண்ணாடி போலக் கறுத்து மின்னும் சிட்டம் சிப்பி முறிவோடுதான் உடையும். லென்ஸில் பார்த்தால் காற்றுக்குமிழித் துளைகள் தெரியும். கல்லில் அவை இருக்காது. சிட்டக் குவியலும் தொல்லியல் சான்றுதான், ஆனால் அது இரும்பு உருக்கிய கதை. கல் செதுக்கிய கதை அல்ல.

ஏமாற்றும் உடைப்புகள்

கல்லின் இனம் சரியாக இருந்தும் ஏமாறலாம். அடிக்கடி நடப்பவை இவை.

1. கிரஷர் ஜல்லி. தாடை இயந்திரம் கல்லை இரண்டு பக்கமிருந்தும் நெரிக்கும். மேடை, குமிழ் எல்லாம் வரும், ஆனால் வரிசை வராது. எல்லா முகமும் ஒரே புதுநிறம். அளவும் ஏறக்குறைய ஒன்று. ஏற்காட்டுக்கு ஏறும் 20 கொண்டை ஊசி வளைவுகளின் ஓரங்களில் கிடப்பதைப் பொறுக்கிக்கொண்டு வந்து யாரும் வாதாட வேண்டாம்.

2. கல்லுடைப்பவரின் கழிவு. அம்மி, ஆட்டுக்கல், கல்தூண் செய்த இடங்களில் மனிதர் கையால் வந்த சில்லே கிடக்கும். அடி மட்டும் இரும்படி. இரும்புச் சம்மட்டி குறுகிய இடத்தில் கடுமையாக இறங்குவதால் அடிப்புள்ளி ஆழமாக நொறுங்கி, சில சமயம் உலோகக் கீற்று ஒட்டியிருக்கும். அருகில் உளிக்குழி வரிசை இருக்கிறதா என்று பாறையைப் பாருங்கள்.

3. வெங்காயத்தோல் உரிவு. பகல் வெயிலும் இரவுக் குளிரும் மாறி மாறித் தாக்கி, சார்னோகைட் பாறை பட்டை பட்டையாக உரியும். பெரிய சில்லு போலத் தோன்றும். இரண்டு முகமும் ஒரே போக்கில் வளைந்திருக்கும், அடிப்புள்ளி இருக்காது.

4. தீ. காட்டுத்தீயிலும் அடுப்பிலும் சூடேறிய கல் வட்டமான குழி விட்டு, கிண்ண மூடி போன்ற துண்டாகத் தெறிக்கும். அதன் குழிவுக்கு மேடை கிடையாது. வெடிப்பு நடுவிலிருந்து தொடங்கும்.

5. ஓடை. திருமணிமுத்தாறும் சரபங்காவும் மலையிலிருந்து உருட்டி வரும் கற்கள் ஒன்றோடொன்று மோதும். கூழாங்கல்லின் மேல் நகக்குறி போன்ற பிறைகள் விழும். எப்போதாவது சில்லும் பெயரும். ஆனால் விளிம்பு மழுங்கி, வடுக்கள் வெவ்வேறு வயதில் இருக்கும்: ஒன்று பளிச்சென்று, ஒன்று தேய்ந்து.

6. கலப்பை, ஜேசிபி, மாட்டுக் குளம்பு. பழைய சில்லையே இவை புதிதாகக் கடித்துவிடும். மங்கிய பழுப்பு முகத்தில் ஒரு விளிம்பு மட்டும் புத்தம்புதிதாக வெளுத்திருந்தால், ‘பல் போட்ட கருவி’ என்று எண்ணிய அந்தப் பல் போன மாதம் வந்ததாக இருக்கலாம்.

ஒற்றைச் சில்லை நம்பாதே, கூட்டத்தை எண்ணு

இயற்கையும் தற்செயலாக ஒரு நல்ல சில்லு செய்யும். அதே இடத்தில் நூறு செய்யாது. ஆகவே கேள்வியை ‘இந்தக் கல் சில்லா?’ என்பதிலிருந்து ‘இந்த இடத்தில் சில்லு அளவுக்கு மிஞ்சி இருக்கிறதா?’ என்பதற்கு மாற்ற வேண்டும். கல்லைத் தோண்டாமல், நகர்த்தாமல் இதைச் சோதிக்க ஒரு எளிய வழி உண்டு.

1. சந்தேகப்படும் இடத்தில் நூல் கட்டி 1 மீட்டருக்கு 1 மீட்டர் கட்டம் போடுங்கள்.
2. அதற்குள் மேற்பரப்பில் 1 செ.மீ.க்கு மேற்பட்ட எல்லாக் கல்லையும் எண்ணுங்கள். நல்லதை மட்டும் பொறுக்கி எண்ணினால் கணக்கு அப்போதே கெட்டது.
3. மூன்றாகப் பிரித்துக் குறியுங்கள்: உடையாதது, உடைந்தது, அங்கங்களோடு உள்ள சில்லு.
4. அதே மண், அதே சரிவு உள்ள வேறு இடத்தில், 50 மீட்டர் தள்ளி, இதே அளவு ஒப்பீட்டுக் கட்டம் போட்டு அதையும் எண்ணுங்கள்.
5. இரண்டிலும் சில்லின் விகிதம் ஒன்றாக இருந்தால் அது நிலத்தின் குணம். முதல் கட்டத்தில் மட்டும் பல மடங்கு கூடினால் பேச விஷயம் இருக்கிறது.

கூடவே இரண்டு கேள்வி. முதலாவது, அந்த மண்ணுக்குச் சொந்தமில்லாத கல் அங்கே இருக்கிறதா? சார்னோகைட் சரிவில் டோலரைட் சில்லு குவிந்து கிடந்து, மேலே சரிவு முழுவதிலும் டோலரைட் சுவரே இல்லை என்றால், யாரோ சுமந்து வந்திருக்கிறார்கள். இரண்டாவது, அளவு எப்படிப் பரவியிருக்கிறது? செதுக்கிய இடத்தில் பெரிய சில்லு கொஞ்சம், நடுத்தரம் அதிகம், பொடி மிக அதிகம் என்று இருக்க வேண்டும். பொடியே இல்லாமல் பெரியது மட்டும் இருந்தால் மழைநீர் பொடியை அடித்துக்கொண்டு போயிருக்கிறது, அல்லது பெரியவை வேறிடத்திலிருந்து உருண்டு வந்திருக்கின்றன. அகழாய்வில் மண்ணைச் சில மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் சலிப்பது இந்தப் பொடிக்காகத்தான்.

அளக்கும்போது ஒரு தவறு எல்லோரும் செய்வது. சில்லின் நீளம் என்பது அதன் மிக நீண்ட பக்கம் அல்ல; அடிப்புள்ளியிலிருந்து அடியின் திசையில் கடைமுனை வரை உள்ள தூரம். அகலம் அதற்குச் செங்குத்து. நீளம் அகலத்தைப்போல் இரண்டு மடங்கும் அதற்கு மேலும் இருந்து, பக்கங்கள் இணையாக ஓடினால் அதற்கு ‘அலகு’ என்று தனிப்பெயர். சில்லைக் கோணலாக வைத்து அளந்தால் சாதாரணச் சில்லும் அலகாகிவிடும்.

வயது சொல்ல முடியுமா

சில்லை மட்டும் வைத்து முடியாது. அதிரம்பாக்கத்தில் அடி மட்டத்துக் கருவிகளுக்கு சுமார் 15 லட்சம் ஆண்டு என்று 2011இல் வெளியிட்டார்கள் என்றால், அது கருவி கிடந்த மண்ணடுக்கையும் கல்லையும் ஆய்வுக்கூடத்தில் அளந்து சொன்னது. கருவியின் முகத்தைப் பார்த்துச் சொன்னதல்ல. கல் மேல் ஏறிய பழுப்பு நிறமும் கடிகாரம் ஆகாது. ஈரமும் இரும்புச்சத்தும் உள்ள மண்ணில் சீக்கிரம் ஏறும், வறண்ட பாறையில் மெதுவாக ஏறும். உழுது புரட்டிய காட்டின் மேற்பரப்பில் கிடப்பதற்கு வயது கேட்பது, சந்தையில் தொலைந்த பிள்ளையிடம் பட்டா எண் கேட்பது போல.

கோடாரி சொல்லாததை அதன் கழிவு சொல்லும்

சேர்வராயன் மலையில் தீட்டிய கற்கோடாரிகள் நெடுங்காலமாகக் கிடைத்து வருகின்றன. மலைக்குடிகள் அவற்றை எடுத்துப் பிள்ளையார் கோயில்களில் வைத்து வணங்கியதும் பழைய பதிவுகளில் உண்டு. 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் கைக்கோடாரியைக் கண்டெடுத்த நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஓய்வுக்காலத்தில் ஏற்காட்டில் வாழ்ந்தவர். அவர் சேகரித்தவை சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயின. அவற்றின் பட்டியல் 1912இல் அவர் மறைந்த பிறகு 1914இலும் 1916இலும் அச்சாயிற்று.

ஆனால் கோயிலில் இருக்கும் கோடாரியிடம் கேட்க முடிந்த கேள்விகள் குறைவு. அது எந்தக் காட்டிலிருந்து வந்தது? அங்கே மரம் வெட்டியதா, அங்கேயே செய்யப்பட்டதா? நல்ல கருவி ஆளோடு நடக்கும். தீட்டத் தீட்டத் தேய்ந்தும் போகும். பிறகு எடுத்தவர் கையோடு கோயிலுக்கோ அருங்காட்சியகத்துக்கோ போய்விடும். சில்லை யாரும் சுமக்கவில்லை. உட்கார்ந்து செதுக்கிய இடத்திலேயே விட்டுப் போனார்கள். அதனால்தான் ஒரு கூடைச் சில்லு பின்வருவதைச் சொல்லும்:

1. தோல் நிறைந்த சில்லுகள் மிகுந்திருந்தால் கல் வெட்டியெடுத்த இடம் பக்கத்தில். தோலில்லாத மெல்லிய சில்லு மட்டும் இருந்தால் கரடுமுரடான வேலையை வேறிடத்தில் முடித்து, பாதிக் கோடாரியைத்தான் இங்கே கொண்டுவந்திருக்கிறார்கள்.
2. மெருகேறிய முதுகுள்ள சில்லு இருந்தால் இங்கே பழைய கோடாரியைச் சீர் செய்திருக்கிறார்கள்; வாழிடமாக இருக்க வாய்ப்பு உண்டு.
3. சில்லுகள் ஒன்றோடொன்று பொருந்தினால், சிறு பிள்ளைகளின் படப்புதிர் போல மறுபடி அடுக்கி, நடுவில் காலியாக நிற்கும் வடிவத்தைக் காணலாம். எடுத்துச் செல்லப்பட்ட கருவியின் உருவம் அந்தக் காலியிடம்தான்.

இந்த மூன்றுமே சில்லுகள் கிடந்த இடத்தில் கிடந்தால்தான் கைகூடும். நல்ல சில்லு நாலு பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டவுடன் விகிதம் மாறிவிடும். பொருந்த வேண்டிய துண்டு காணாமல் போய்விடும்.

கண்ணில் பட்டால்

1. எடுக்காமல் படம் எடுங்கள். பக்கத்தில் ஸ்கேல் வையுங்கள். நாணயம் வைத்தாலும் போதும், எந்த நாணயம் என்று எழுதுங்கள். ஒன்று மேலிருந்து, ஒன்று சாய்வெயிலில் பக்கத்திலிருந்து, ஒன்று சுற்றுப்புறம் தெரிய.
2. போனில் இருப்பிடத்தைக் குறித்து, ஊர், காட்டின் பெயர், சரிவின் திசை, மண் நிறம் ஆகியவற்றை எழுதுங்கள்.
3. காபிச் செடிக்குக் குழி எடுக்கும்போது ஏற்கெனவே வெளியே வந்துவிட்டது என்றால், எந்தக் குழி, எத்தனை அடி ஆழம் என்பதைத் துண்டுச்சீட்டில் எழுதி, கல்லோடு ஒரே பையில் போடுங்கள். தேய்த்துக் கழுவ வேண்டாம், எண்ணெய் பூச வேண்டாம்.
4. மாநிலத் தொல்லியல் துறைக்கோ சேலம் அரசு அருங்காட்சியகத்துக்கோ தெரிவியுங்கள். தொல்பொருளைத் தேடி அனுமதியின்றித் தோண்டுவதும், கிடைத்ததை விற்பதும் 1958ஆம், 1972ஆம் ஆண்டுச் சட்டங்களின் சிக்கலில் கொண்டுபோய் விடும்.

சில்லு எப்படிப் பெயர்கிறது என்று கையால் அடித்துப் பழகிப் பார்க்க விரும்புகிறவர்கள் உண்டு. கண் பழகுவதற்கு அதைவிட நல்ல வழியும் இல்லை. கண்ணுக்குக் கண்ணாடி, கைக்குத் தோலுறை, மூக்குக்கு முகக்கவசம் கட்டாயம். குவார்ட்ஸ் தூசி நுரையீரலைக் கெடுக்கும். காற்றோட்டமான வெளியில் தார்ப்பாய் விரித்து, அதன் மேல் உட்கார்ந்து அடியுங்கள். முடிந்ததும் பொடி உட்பட எல்லாவற்றையும் அள்ளி, அந்த ஆண்டு அச்சிட்ட நாணயம் ஒன்றையும் சேர்த்து மூட்டை கட்டி வையுங்கள். காட்டோரம் கொட்டிவிட்டுப் போனால், அடுத்த மழையில் அது வெளியே வந்து, வேறொருவர் வாட்ஸ்அப்பில் ஆதிமனிதர் பட்டறையாகிவிடும்.